சுவரைப் பிளந்த சப்வூஃபர்

வீட்டுக்கு வந்தவரை எங்கே உட்காரவைப்பது என்பதில் மனிதர்கள் இரண்டு வகை. "எங்க வேணா உக்காருங்க" என்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இன்னொரு வகை உண்டு. அவர் உங்கள் தோளைப் பிடித்து, சுவரோரம் கிடக்கும் நாற்காலியைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்து, அதை ஒரு சாண் இடப்புறம் நகர்த்தி, பிறகு அரைச் சாண் வலப்புறம் நகர்த்தி, உங்களை அதில் இருத்தி, முகவாயைத் தொட்டு நேராக நிமிர்த்திவைத்து, "இப்ப சரி. தலையை ஆட்டாதீங்க" என்பார். முடிவெட்டப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஹோம் தியேட்டர் வாங்கியிருக்கிறார். அதில் உறுமுகிற பெரிய பெட்டிக்குத்தான் சப்வூஃபர் என்று பெயர்.

இந்தச் சப்வூஃபர்காரரை உங்களுக்குத் தெரியும். பெரம்பலூரில் இருப்பவர் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்பீக்கரைப் பதுக்கி, படியேறுகிறவர்களைத் திடுக்கிட வைப்பார். வேப்பந்தட்டைக்காரர் பெட்டியை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு, எதிரே வருகிறவர்கள் எல்லாம் "என்னங்க இது?" என்று கேட்கும் வேகத்தில் ஊர்போய்ச் சேர்வார். வரதராஜன்பேட்டையில் ஒருவர், அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப் போடாமல் பரண் மேல் நிறுத்தி, அதில் அச்சடித்திருக்கும் படம் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறார். ஊருக்கு ஊர் பெட்டியின் அளவு மாறும், சுபாவம் மாறாது.

நான் சொல்லப் போவது அரியமுத்துவைப் பற்றி. ஊர் அரியலூருக்குப் பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஊரிலிருக்கும் மற்ற சப்வூஃபர்காரர்கள், தங்களை விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வருவார்கள். அரியலூரை மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்து, மீண்டும் பிரிக்கப் போகிறார்கள் என்று டீக்கடைதோறும் பேச்சு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அரியமுத்து டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் அவர் வீட்டில் இருப்பதில்லை.

செட்டைத் திருச்சியில் வாங்கினார். மனைவி மலர்கொடியும் கூடப் போயிருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. கண்டக்டர் பெரிய பெட்டியைக் காட்டி, "பின்னாடி போட்ருங்க" என்றார்.

"இதுக்கும் ஒரு டிக்கெட் போடுங்க" என்றார் அரியமுத்து. "குலுங்கக் கூடாது."

பெட்டி உட்கார்ந்தது. மலர்கொடி லால்குடி வரைக்கும் நின்றுகொண்டு வந்தாள். "ஜன்னல் சீட்டா பாத்துக் குடுத்தீங்களே, வெளில பராக்குப் பாத்துக்கிட்டு வரட்டும்" என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. சப்வூஃபர்காரர்களின் காது வெகு நுட்பமானது. மனைவி பேசும் அலைவரிசை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் விழும்.

கூடம் என்ன பெரிய கூடம்? இரண்டு கட்டில் போட்டால் நடக்க வழி இருக்காது. அதில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் குடியேறின. இதற்கு ஐந்து புள்ளி ஒன்று என்று பெயர். இருப்பதிலேயே பெரிய பெட்டியை ஏன் வெறும் புள்ளி ஒன்று என்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்வார். முன்னால் இரண்டு, டிவி தலையில் ஒன்று. பின்னால் வைக்க வேண்டிய இரண்டுக்குத்தான் இடமில்லை. ஒன்றை அடுக்களை நிலைக்கு மேல் ஆணி அடித்து மாட்டினார். மற்றொன்று சாமி மாடத்துக்குப் போயிற்று. அதன் பிறகு அந்த வீட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து துப்பாக்கி வெடித்தது. மலர்கொடி சூடம் காட்டும்போது முருகன் பக்கத்திலிருந்து யாரோ "டேய்" என்று அதட்டினார்கள்.

சப்வூஃபரைத் தெற்குச் சுவர் மூலையில் வைத்தார். அந்தச் சுவரைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன், நிகழ்ச்சி நிரல். இந்த வகையினர் வீட்டில் யாரும் முழுப் படம் பார்த்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒரு டிவிடி தட்டு இருக்கும். அதில் மூன்று இடம். மழை பெய்யும் இடம், குதிரை ஓடும் இடம், ஹெலிகாப்டர் பறக்கும் இடம். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று, வில்லன் செத்தானா என்பதெல்லாம் அவருக்கே தெரியாது. பிளாஸ்டிக் உறை பிரிக்காத ரிமோட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். "இப்ப வரும் பாருங்க... முன்னாடி... இப்ப சைடுல... இப்ப..." என்று சொல்லி ஆள்காட்டி விரலை உங்கள் தலையைச் சுற்றிக் கொண்டுபோவார். அந்த விரல் பின்னால் போகும் நேரத்தில் நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். கட்டாயம். கல்யாணத்துக்கு மொய் எழுதாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறவனைக்கூட மன்னிப்பார்கள்; குதிரை பின்னால் ஓடும்போது திரும்பாதவனை மன்னிக்க மாட்டார்கள்.

திரும்பினால் அங்கே என்ன இருக்கும்? மலர்கொடி காபித் தட்டோடு நிற்பாள்.

"மழை சத்தம் கேட்டீங்கல்ல, தத்ரூபமா இருந்துச்சா?"

"தத்ரூபமாத்தான் இருக்கும்" என்பாள் மலர்கொடி. "மானத்துல பேஞ்சாலும் தத்ரூபமாத்தாங்க இருக்கும். அதுக்குக் கரண்டு வேண்டாம்."

அடுத்து பாஸ், அதாவது அடித்தொனி. சப்வூஃபர்காரரின் மதமே அதுதான். பாஸ் என்பது காதால் கேட்பதல்ல, நெஞ்சால் வாங்குவது என்பார். உங்கள் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டுபோய் பெட்டி மேல் வைப்பார். தெருவில் சுண்ணாம்புக்கல் லாரி போய் ஜன்னல் கண்ணாடி கடகடத்தால் அடக்கமாகப் புன்னகை செய்வார். வானத்தில் இடி இடித்தால், "பாத்தீங்களா, எப்புடிக் குடுக்குது" என்பார். செட் ஓடவே இல்லையே என்று யாரும் சொன்னதில்லை. காபி குடித்த வாய்க்கு ஒரு நன்றி இருக்கிறதல்லவா?

இப்போது தெற்குச் சுவருக்கு வருவோம்.

செட் வந்த கொஞ்ச நாளில் அந்தச் சுவரில் ஒரு விரிசல் தெரிந்தது. முதலில் தலைமயிர் மாதிரி. அப்புறம் சணல் மாதிரி. அப்புறம் சுவரின் உச்சியில் ஆரம்பித்து, கோணலாக இறங்கி, சப்வூஃபரின் தலைக்கு நேரே வந்து நின்றது. மலர்கொடி அதைப் பார்க்கும்போதெல்லாம் மழையைக் கணக்குப் போட்டாள். ஐப்பசி மழை வந்தால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும், மண் வைத்துக் கட்டிய பழைய சுவர், நனைந்தால் உட்காரும். அவளுக்கு அது வீடு விழும் விஷயம். அரியமுத்துவுக்கு? அவர் அதைத் தினமும் துணியால் துடைத்து வைத்தார். வந்தவர்களுக்கு டார்ச் அடித்துக் காட்டினார்.

"செவுத்தயே பொளந்துருச்சுங்க. இன்னும் பாதி வால்யூம்கூட வச்சதில்ல."

விரிசலுக்குக் காரணம் என்னவென்று அந்தத் தெருவில் பகலில் வீட்டிலிருக்கும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஊருக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம். தினமும் மத்தியானம் சங்கு ஊதுவார்கள். கொஞ்ச நேரத்தில் வெடி. அடுக்கிய பாத்திரம் அலமாரியில் நகர்ந்து வரும், தூளியில் கிடக்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும், ஓட்டிலிருந்து மண் உதிரும். தெரு முழுக்கச் சுவரில் விரிசல். அரியமுத்துவுக்கு இது தெரியாதா? தெரியும், செய்தியாக. வெடி வெடிக்கும் நேரத்தில் அவர் டவுனில் சுடிதார் துணிக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அவர் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்துக்கும் விடுமுறை. ஆகவே அவர் வாழ்க்கையில் சுவருக்குப் பக்கத்தில் உறுமிய ஒரே பொருள் அந்தக் கறுப்புப் பெட்டிதான். பாவம், மனிதர் பொய் சொல்லவில்லை. நம்பினார். இந்த வகையினரிடம் இதுதான் ஆபத்து.

பெண்கள் ஒருநாள் சேர்ந்து போய் லாரிகளை மறித்து உட்கார்ந்தார்கள். முன்னால் உட்கார்ந்தவர்களில் மலர்கொடியும் அடுத்த வீட்டு அம்மாக்கண்ணுவும் உண்டு. அம்மாக்கண்ணுவின் வீடும் அரியமுத்து வீடும் அந்தத் தெற்குச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. விரிசல் அந்தப் பக்கமும் போயிருந்தது. பேச்சுவார்த்தை நடந்தது. வெடியால் விரிசல் விட்டிருந்தால் சுரங்கத்தார் கொத்தனாரை அனுப்பி, சுவரைப் பலப்படுத்திப் பூசித் தருவதாக முடிவாயிற்று. எந்தெந்த வீடு என்று சுரங்கத்து என்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்வார்.

என்ஜினியர் பெயர் சிவசுப்பிரமணியன். அவர் வரப்போகும் நாளில் அரியமுத்து கடைக்கு அரைநாள் லீவு போட்டார். மலர்கொடிக்கு அப்போதே திக்கென்றது.

"நீங்க எதுக்கு லீவு?"

"ஆம்பள ஒருத்தன் வூட்ல இருந்து பேச வேணாமா?"

"அவரு செவுத்தப் பாத்துட்டுப் போயிருவாரு. நீங்க வாயத் தொறக்காம இருந்தீங்கன்னா போதும்."

காலையில் வந்தார் சிவசுப்பிரமணியன். அம்மாக்கண்ணு வீட்டில் சிறிய சுத்தியால் சுவரைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். அரியமுத்து வீட்டுக்குள் நுழைந்து தெற்குச் சுவரை அண்ணாந்து பார்த்து, "பெரிய விரிசலா இருக்கே" என்றார். அவ்வளவுதான். மனிதர் வேறொன்றும் கேட்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? "ஆமாங்க" என்றிருப்பீர்கள்.

"அது நம்ம சப்வூஃபர் வேலைங்க சார்" என்றார் அரியமுத்து.

"எது?"

"கொஞ்சம் இப்புடி உக்காருங்க."

நாற்காலி இடப்புறம் நகர்ந்தது, வலப்புறம் நகர்ந்தது. மழை பெய்தது. குதிரை ஓடியது, என்ஜினியர் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தார். அடுக்களை வாசலில் மலர்கொடி தலையிலும் வாயிலும் மாறி மாறிக் கையை வைத்து ஜாடை காட்டினாள். ஹெலிகாப்டர் வந்தபோது அரியமுத்து விரிசலுக்கு டார்ச் அடித்தார்.

"இதனாலதான் செவுரு வெடிச்சுதுன்னு சொல்றீங்களா?" என்று என்ஜினியர் மெதுவாகக் கேட்டார்.

"சந்தேகமே வேணாங்க. பக்கத்து வூட்டு வரைக்கும் போவும் சார் இதோட அடி. அந்தத் தெரு முனை வரைக்கும் போவும்."

என்ஜினியர் ரொம்பச் சந்தோஷமாக விடைபெற்றார். காபிகூட வேண்டாம் என்றுவிட்டார். வெயிலில் சுத்தியும் கையுமாக அலைய வேண்டிய மனிதருக்கு ஒரே வீட்டில் தெரு முழுக்கவும் முடிந்துபோனால் சந்தோஷம் வராமல் என்ன செய்யும்?

சில நாளில் சுரங்கத்திலிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்குப் பதில் வந்தது. மேற்படித் தெருவில் சக்தி வாய்ந்த ஒலிக்கருவி ஒன்று இயங்கி வருவதாலும், அதன் அதிர்வு தெருக்கோடி வரை பரவுவதாக அதன் உரிமையாளரே முன்வந்து விளக்கியதாலும், அத்தெரு வீடுகளின் விரிசலுக்குச் சுரங்கம் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தது. மற்ற தெருக்களில் கொத்தனார் வேலையை ஆரம்பித்தாயிற்று. இந்தத் தெருவுக்கு மட்டும் இல்லை.

அம்மாக்கண்ணு வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்டி மலரு, ஒம் புருசன் ஊருல ஒலகத்துல எதையாவது சொல்லிப் பெருமையடிச்சுக்க வேண்டியதுதான. எஞ் செவுத்தயுமா சேத்து இவரு ஒடச்சாரு?"

"எங்கிட்ட என்னத்தக்கா கேக்குற. அங்கன ஒக்காந்துருக்காரு, கேளு."

"அண்ணே, நெசமாவே ஒங்க பொட்டிதான் எஞ் செவுத்த ஒடச்சுதா?"

அரியமுத்து தர்மசங்கடத்தில் நெளிந்தார். ஒரு பக்கம், பக்கத்து வீட்டுக்காரியின் சுவர். இன்னொரு பக்கம், ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியும் கிடைக்காத கௌரவம். "நான் பாதி வால்யூமுக்கு மேல வைக்கிறதே இல்லம்மா" என்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பதிலை அவர் பஞ்சாயத்து ஆபீசில் கேட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுத்துவைத்திருந்தார். 'சக்தி வாய்ந்த ஒலிக்கருவி' என்ற வார்த்தைகளை யாரோ அடிக்கோடு போட்டிருந்தார்கள். யாரென்று சொல்ல வேண்டுமா? எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டு ஒரு கம்பெனியே ஒத்துக்கொண்ட பாஸ், அரியலூர் வட்டாரத்தில் வேறு எவனுக்கு உண்டு?

தெரு அவரோடு பேசுவதை நிறுத்தியது. அதில்கூட அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. பொறாமை என்று எடுத்துக்கொண்டார். கருப்பண்ணன் மட்டும், அவர் எதிர்வீட்டுக்காரர், மாமன் முறை, பேசினார். ஆனால் பேசாமலே இருந்திருக்கலாம்.

"என்ன மாப்ள, எங்க வூட்டுக் கெணறுகூட வத்திப்போச்சு. அதும் ஒங்க பொட்டியா?"

"கிண்டல் பண்ணாதீங்க மாமா."

"இல்ல, கேட்டு வச்சுக்கிட்டா பரவால்ல. நாளைக்கி எம் மாடு சென புடிக்கலன்னாலும் வரலாம் பாருங்க."

வானம் கறுக்க ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் சின்னத் தூறல்தான். தெற்குச் சுவரின் விரிசலிலிருந்து செம்மண் கரைந்து, சப்வூஃபர் மேல் சொட்டியது. அரியமுத்து ஓடிப்போய் சப்வூஃபருக்குக் குடை பிடித்தார். நிஜமாகவே குடை. மலர்கொடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுவருக்குக் குடை பிடிக்க இந்த வீட்டில் ஆள் கிடையாது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

மறுநாள் அவளும் அம்மாக்கண்ணுவும் இன்னும் சிலரும் சுரங்கத்து வாசலில் என்ஜினியர் ஜீப்பை மறித்தார்கள். மலர்கொடிதான் பேசினாள். "பொட்டிதான் ஒடச்சுதுன்னு எழுதிட்டீங்க சார். சரி. எழுதினவரு வந்து ஒரு தடவ முழுசா கேட்டுட்டுப் போங்க. அப்பவும் அதான்னு சொன்னீங்கன்னா நாங்க மூச்சு விட மாட்டோம்." சிவசுப்பிரமணியன் கெட்டவரல்ல, வேலை சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று நினைக்கும் சாதாரண மனிதர்தான். ஜீப்புக்கு முன்னால் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது வேலை எப்படி முடியும்? வருகிறேன் என்றார்.

"மத்தியானமா வாங்க" என்றாள் மலர்கொடி. "அவருக்கு அப்பதான் லீவு கெடைக்கும்."

வீட்டில் வேறு மாதிரி சொன்னாள்.

"என்ஜினியரு அன்னிக்கி சரியா கேக்கலியாம். முழு வால்யூம்ல ஒரு தடவ கேக்கணுமாம்."

அரியமுத்து சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அவரே சொன்னாரா?"

"தெருவே வருதாம் கேக்குறதுக்கு."

ஒரு மனிதனை அவன் விரும்புகிற பொய்யால் மட்டுமே கட்ட முடியும். அரியமுத்து அன்றிரவே ஒயர்களைக் கழற்றி மாட்டினார், பெட்டிகளைத் துடைத்தார், ஸ்டெபிலைசரின் உறுமலுக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டார்.

நாள் வந்தது. கூடத்தில் என்ஜினியர் நாற்காலியில், அம்மாக்கண்ணுவும் மற்றப் பெண்களும் சுவரோரம், கருப்பண்ணன் வாசற்படியில். மலர்கொடி முக்காலி போட்டு ஏறி, விரிசலுக்குப் பக்கத்தில் சுவரில் பதித்திருந்த பலகையின் மேல் ஒரு தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தினாள்.

"இது எதுக்கு?" என்றார் அரியமுத்து.

"செவுத்தயே பொளக்குற பொட்டி, ஒரு தீப்பெட்டிய தள்ளாதா?"

அரியமுத்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ரிமோட்டை எடுத்தார். மழை பெய்தது. அம்மாக்கண்ணு காதைப் பொத்திக்கொண்டாள். குதிரை ஓடியது. தீப்பெட்டி நின்றது. முழு வால்யூமில் ஹெலிகாப்டர் பறந்தது. டிவி மேல் இருந்த பொம்மை நடுங்கியது, கருப்பண்ணனின் நாய் எழுந்து போய்விட்டது. தீப்பெட்டி நின்றது. அரியமுத்துவின் நெற்றியில் வியர்வை. ஹெலிகாப்டரைத் திரும்ப ஓட்டினார். ரிமோட்டை வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியின் பின்னால் ஒரு குமிழைத் திருகினார். இன்னும் ஒருமுறை ஓட்டினார். அந்த வீட்டில் அந்த நிமிஷம் எல்லோரும் தீப்பெட்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். அது அவருடைய வீட்டுச் சுவர் என்பதை நினைவில் வையுங்கள்.

"வோல்டேஜ் கம்மி சார் இன்னிக்கி."

"ம்."

"ஆளுங்க நெறைய நின்னா பாஸை உறிஞ்சிரும். அது ஒரு கணக்கு இருக்கு சார்."

"நாங்க வேணா வெளில போயிடவா, அண்ணே?" என்றாள் அம்மாக்கண்ணு.

"வேணாம்க்கா, இரு" என்றாள் மலர்கொடி. "சார், மோர் குடிச்சுட்டுப் போங்க." சப்வூஃபர் மூலைக்குப் போனாள், பிறகு அடுக்களைக்குப் போனாள். மோர் வர நேரமாயிற்று. அவள் அதை ஆற்றிக்கொண்டிருந்தாள். மோரை யாராவது ஆற்றுவார்களா என்று என்ஜினியர் யோசித்திருக்கலாம். அதற்குள் வடக்கே சங்கு ஊதியது.

அவருக்கு அந்தச் சங்கு நன்றாகவே தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்கள் யாரும் அசையவில்லை, தினமும் வருவது. அப்புறம் வெடி. தரையிலிருந்து ஏறி, கால் வழியாக வந்து, நெஞ்சை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போயிற்று. அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. விரிசலிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. தீப்பெட்டி ஒரு தரம் தள்ளாடி, பலகையிலிருந்து விழுந்து, கூடத்தின் நடுவில் வந்து கிடந்தது.

அரியமுத்துவின் முகம் மலர்ந்தது. விரல் தானாகவே உயர்ந்தது.

"பாத்தீங்களா சார். பாத்தீங்களா. எப்புடிக் குடுக்குது."

மலர்கொடி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் மோர்ச் செம்பு. இன்னொரு கையில், மூலையிலிருந்து நீண்டு வந்த ஒயரும் அதன் நுனியில் சப்வூஃபரின் பிளக்கும்.

"புடுங்கி ரொம்ப நேரமாச்சுங்க" என்றாள்.

முதலில் சிரித்தது கருப்பண்ணன். அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிவசுப்பிரமணியன் சிரிக்கவில்லை, குனிந்து தீப்பெட்டியை எடுத்து, தட்டித் தூசி போக்கி, மலர்கொடியிடம் கொடுத்து, மோரை வாங்கிக்கொண்டார். "கொத்தனார அனுப்பறேம்மா. இந்தச் செவுத்துலேர்ந்தே ஆரம்பிக்கச் சொல்றேன்" என்றார்.

மழை கட்டி இறங்குவதற்குள் தெருவின் சுவர்களெல்லாம் பூசியாயிற்று. தெற்குச் சுவர் இப்போது வழவழவென்று நிற்கிறது. அரியமுத்து ஒரு வாரம் செட்டைத் தொடவில்லை. யாரோடும் பேசவுமில்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன், நானும் ஏமாந்தேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நாற்காலியை நகர்த்தி உட்காரவைத்து, ரகசியமாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அன்னிக்கி நாந்தான் சவுண்ட கொறச்சு வச்சேன். தெரு சனம் பாவம்ல. முழுசா வச்சிருந்தா தீப்பெட்டி அப்பவே விழுந்துருக்கும், இவுங்களுக்குப் பூச்சு கெடைச்சிருக்குமா? வெளில சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டேன். பாவம், அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

சிரித்தாயிற்றா? நல்லது. எங்கள் வீட்டில் ஸ்பீக்கரே கிடையாது, டிரான்சிஸ்டர்தான் என்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் ஆபீசில் ஒரு மனு எழுதிப் போட்ட மறுவாரம் தெருவிளக்கு எரிந்ததே, யாரால் என்று சொன்னீர்கள்? பையன் கணக்கில் நல்ல மார்க் வாங்கியபோது, டியூஷன் வாத்தியார் பக்கத்தில் நிற்கும்போதே, யார் மூளை அவனுக்கு வந்திருக்கிறது என்றீர்கள்? நீங்கள் தலையிட்ட பிறகுதான் உங்கள் தங்கை வீட்டுச் சண்டை தீர்ந்தது என்று போன கல்யாணப் பந்தியில் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? அடுத்த தடவை உலகத்தில் ஏதாவது ஒன்று கொஞ்சம் அசைந்து, உங்கள் விரல் தானாக உயரும்போது, ஒரு நிமிஷம் பொறுத்துப் பின்னால் திரும்பிப் பாருங்கள். பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ நிற்கிறார்கள்.